மருமகன்களுக்குத் தோதான கார்

நாகர்கோவில் ஷோரூமில் கார் விற்க எங்களுக்கு என்ஜினைப் பற்றித்தான் பயிற்சி கொடுத்தார்கள். வாங்க வருகிறவர்களோ யார் எங்கே உட்காருவது என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் போல டை கட்டிக்கொண்டு வியர்த்து நிற்கும் சகோதரர்களுக்கு இது புரியும். அந்த மாதம் இன்னும் ஒரு வண்டி விற்காவிட்டால் மதுரைக்கு மாற்றல் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மனைவிக்கு எட்டாம் மாதம். அப்போதுதான் பூதப்பாண்டி ஊரைச் சேர்ந்த வாழைக்குலை வியாபாரி அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார்.

ஐந்து இருக்கை

அண்ணாச்சி, அவர் மனைவி, இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள். ஐந்து பேர் வண்டியைக் காட்டி, சின்ன மருமகன் பைக்கில் வரலாமே என்று உளறிவிட்டேன். அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒனக்கு இன்னும் மருமவன் வரல்ல மக்கா, அதான் இந்தப் பேச்சு.”

ஏழு இருக்கை

இதில் நடுவில் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை. ஊர்க் கோயில் கொடைவிழாவில் முதல் மாலை யாருக்கு என்ற தகராறில் மருமகன்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ரெண்டு மருமவனுக்கும் ஒரே பெஞ்சா? இதென்ன பள்ளிக்கூடமா?”

ஆறு இருக்கை

அதே வண்டிதான். நடுவில் மட்டும் கைப்பிடி வைத்த இரண்டு தனி நாற்காலிகள். அண்ணாச்சி இரண்டையும் சாண் போட்டு அளந்தார். பின்னால் மகள்கள், முன்னால் தானும் மனைவியும் என்று கணக்குச் சொன்னார். உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். மதுரை ஞாபகம் வந்தது. ஆர்டர் புத்தகத்தைத் திறந்தேன்.

“ரெண்டும் ஒரே சாண், கேட்டியா. இதையே போடு.”

சாவி கொடுத்த நாள்

எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏற்றி, சுசீந்திரம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். அண்ணாச்சிக்கு ஓட்டத் தெரியாது. மருமகன் ஓட்டினால் ஊர் அவரை டிரைவர் என்று சொல்லுமாம். அதனால் சம்பளத்துக்கு ஆள் வந்திருந்தார். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார, எல்லோரும் ஏற, கதவுகள் மூடிக்கொண்டன. அண்ணாச்சி மட்டும் அர்ச்சனைத் தட்டோடு வெளியே நின்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு பேர் வண்டியாக மாற்றித் தரட்டுமா என்று மெல்லக் கேட்டேன். அவர் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். பெரிய மருமகன் ஏதோ சொல்ல, சின்னவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“வேண்டாம் மக்கா. ரெண்டு பேரும் பேசிக்கிடுதாவ. சுசீந்திரம் பஸ்ஸு எங்க நிக்கும்?”

மதுரைக்கு மாற்றல் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் வந்தாலும் ‘வண்டிய யாரு ஓட்டுவா?’ என்றுதான் முதலில் கேட்கிறேன், மாதக் கடைசியாக இல்லாதபட்சத்தில்.