சுருக்கிச் சொல்லாத அக்கா

மேடையின் ஓரத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்ற அக்காவின் முகம் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, சிங்களத்தை முறையாகக் கற்று, அரசாங்கக் கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துவந்தவர். நான் பதுளைக் கடைவீதியில் வாடகைக் கட்டடத்தில் தையல் கடை வைத்திருப்பவள். வயதில் மூத்தவர் என்பதால் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அன்றைய கூட்டம் எங்கள் வீதியைப் பற்றியது. பழைய கடைகளைப் புதுப்பிப்பதற்காக வீதி முழுவதையும் விசேட வலயமாக்கி, அதை நிர்வகிக்கத் தனிச் சபை அமைக்கப் போகிறார்களாம். எந்தக் கட்டடத்தை இடிப்பது, புதிய கடையை யாருக்குக் கொடுப்பது, பராமரிப்புக்கு எவ்வளவு அறவிடுவது, எல்லாம் அந்தச் சபையின் முடிவு. அதிகாரிகளும் கட்டடச் சொந்தக்காரர்களும் மட்டுமே அதில் இருப்பார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி இதைச் சிங்களத்தில் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டு, அக்காவிடம், "சுருக்கமாகச் சொன்னால் போதும்" என்றார். கடையில் பேசும் சிங்களம் எங்களுக்கு வரும். சட்டச் சிங்களம் வராது.

அக்கா சுருக்கவில்லை. "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு சபையில எடமும் இல்ல, ஓட்டும் இல்ல. கடைய இடிச்சா வேற கடை தருவோம்னு எங்கயும் சொல்லல" என்று நிதானமாகச் சொன்னார். அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து ஏதோ முணுமுணுத்தார். அவருடைய ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அதையும் அக்கா அதே குரலில் தமிழில் சொன்னார்: "இவங்களுக்கு வெளங்கினாத்தான் வில்லங்கம், கைய மட்டும் தூக்க வைங்கன்னு சொல்றாரு."

அதிகாரி முகம் சிவந்து சிங்களத்தில் கத்த, அக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அத ஏன் சொன்னேன்னு கேக்குறாரு. மைக்ல வந்தத சொல்றதுதான் என் வேலைன்னேன்."

திட்டத்துக்குச் சம்மதமானவர்கள் கை உயர்த்தும்படி கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது.

அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. "பொழப்பு போச்சேக்கா" என்றேன். "பாதிப் பேச்ச முழுங்கிட்டு சம்பளம் வாங்கணும்னா அதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

ஆனாலும் திட்டம் நிற்கவில்லை. எதிர்த்து நாங்கள் கடைகளை அடைத்தோம், மேலிடம்வரை போனோம். கடைசியில் சபையில் வாடகைக்காரர்களுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்றில் நான் இருக்கிறேன். இரண்டு ஓட்டுகளை வைத்து இடிப்பைத் தடுக்க முடியவில்லை. ஆனால் கடை இழந்த ஒவ்வொருவருக்கும் மாற்றுக் கடை தரவேண்டும் என்று முடிவெடுக்க வைத்தோம்.

போன மாதம் பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் கூட்டம். எங்கள் மொழிபெயர்ப்பாளராக அக்காவை நாங்களே அழைத்துப்போனோம். வீதிக் கடைக்காரர்கள் அல்லாத வெளியாட்களுக்கு ஆசனம் இல்லை என்றார் செயலாளர். "பரவாயில்லங்க, நின்னுக்கிறேன்" என்றார் அக்கா. நான் என் இடத்திலிருந்து எழுந்தேன். வாடகைக்காரர்களின் மற்ற உறுப்பினரும் எழுந்தார். கூட்டம் பார்க்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"எல்லாரும் உட்காருங்கள், கூட்டத்தைத் தொடங்க வேண்டும்" என்றார் செயலாளர்.

"அக்கா உக்காந்தா நாங்களும் உக்காருவோம்" என்றேன்.

செயலாளர் கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதிகாரிகளின் வரிசையிலிருந்தே ஒரு நாற்காலியை எடுத்து வந்து அக்காவுக்குப் போட்டார்கள்.