சென்னீர்குப்பத்தில் கிடைத்த டிரான்சிஸ்டர்

மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வாங்கிய பழைய கணினி, மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிப் எனப்படும் சில்லுகள் வருவதற்கு முந்தைய காலத்தது. உள்ளே முழுக்க, விரல்நுனி அளவுள்ள தனித்தனி டிரான்சிஸ்டர்கள்தான். ஓய்வு பெற்ற பிறகு அதைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகச் சோதித்ததில் ஒன்றே ஒன்று செத்திருந்தது. அதனால் ஐந்தையும் மூன்றையும் கூட்டினால், எட்டுக்கு எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை.

அந்த டிரான்சிஸ்டரை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டேன், சிரித்தார்கள். இணையத்தில் வரவழைத்த நான்கும் போலி. புதுச் சரக்கில் பழைய எண்ணை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்.

கடைசியாக, சென்னீர்குப்பத்தில் பழைய மின்சாமான்களைப் பிரிக்கும் ஒரு கொட்டகைக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். இதனால்தான் ஒரு விளக்கு எரியவில்லை என்று சொல்லி, செத்த டிரான்சிஸ்டரை அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள்.

"செவப்புப் புள்ளி வச்சதா? கீதுக்கா. இரு."

"மேலே இருக்கிற நம்பரைப் படிக்கவே இல்லையே?"

"இங்கிலீசு வராது. மூஞ்சி தெரியும்."

பின்பக்கம் போனவள் தூசு படிந்த ஒரு மின்சுற்றுப் பலகையோடு வந்து, நான்கு இடத்தில் விரலை வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான்கிலும் அதே எண்.

"சூடு காட்டினா பூடும்," என்று சொல்லிக்கொண்டே, நான்கின் கம்பிக் கால்களையும் நீளமாக விட்டுக் கத்தரித்துக் கொடுத்தாள். "வெளக்கு எரிஞ்சா எனக்குச் சொல்லுக்கா."

வீட்டில் சோதித்தபோது நான்கில் மூன்று உயிரோடு இருந்தன. நான் பிறப்பதற்கு முன்பே செய்து முடித்தவை, எத்தனை மழைக்காலம் மூட்டைக்குள் கிடந்தனவோ! ஒன்றைப் பொருத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வந்தாள். நானும் அதுவரை கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் வைத்திருந்தேன். ஐந்தை அழுத்தச் சொன்னேன். பிறகு மூன்று. எட்டுக்கான விளக்கு எரிந்தது.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. கணினியின் திறந்திருந்த பின்பக்கம் போய், வரிசை வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தினி வருசமா ஒண்ணொண்ணாத்தான் பாத்துகினு இருந்தேன்," என்றாள். "எல்லாம் சேந்தா இப்டி நிக்குமாக்கா?"

அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.