கப்பலுக்குப் போகும் வழியில் ஒரு மறியல்

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் கவலைப்படும் வேலையை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாரும் தைரியமாக இருந்தார்கள். எல்லாரையும்விட அத்தை தைரியமாக இருந்தாள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், வேலையை முடித்துக்கொண்டு அந்த வருஷம்தான் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்ததும் அவள் செய்த முதல் காரியம், சென்னைத் துறைமுகத்தில் புறப்பட்டு நடுக்கடலில் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் உல்லாசக் கப்பலில் எங்கள் நான்கு பேருக்கும் இடம் பிடித்தது. இத்தனை வருஷமாகக் கடலுக்கு மேலே பறந்து பறந்து போய் வந்தாயிற்று, ஒரு தடவையாவது கடலிலேயே போக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா முதலில் சிரித்தார். பிறகு, அக்கா ஆசைப்பட்டுக் கேட்டது அவருக்குத் தெரிந்து இது ஒன்றுதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

எனக்குப் பத்து வயது. நான் பார்த்திருந்த பெரிய நீர்ப்பரப்பு வேளாங்கண்ணிக் கடற்கரை. அதிலும் அம்மா கணுக்காலுக்கு மேல் நனைய விட்டதில்லை. கப்பலில் நீச்சல் குளம் இருக்கிறது என்று அத்தை சொன்னபோது, கடலுக்கு நடுவில் எதற்காகக் குளம் வெட்டினார்கள் என்று நான் வெகுநேரம் யோசித்தேன். பள்ளியில் யாரும் நம்பவில்லை. அத்தையின் போனில் இருந்த கப்பல் படத்தைக் காட்டிய பிறகும் பாதிப் பேர்தான் நம்பினார்கள்.

புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. ஆற்றில் தண்ணீர் இல்லை. ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால்தான் குறுவை நட முடியும். அணையில் தண்ணீர் இல்லை, கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது வரவில்லை என்று டிவியில் தினமும் சொன்னார்கள். அப்பா விவசாயிகள் சங்கத்தில் செயலாளர். வீட்டு வாசலில் பச்சைத் துண்டு போட்டவர்களின் பைக்குகள் கூடிக்கொண்டே போயின. ஒரு சாயங்காலம் டெல்டா முழுக்கக் கடையடைப்பு, சாலை மறியல் என்று முடிவாயிற்று. நாளும் குறித்துவிட்டார்கள். அது நாங்கள் கப்பல் ஏறுவதற்கு முதல் நாள்.

நான் நேராக அத்தையிடம் ஓடினேன். அத்தை பயணத்துக்காக வாங்கிய வெள்ளை ஷூவைப் போட்டு அறைக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.

“பஸ் ஓடாதாம் அத்தை. ரயிலையும் மறிக்கிறாங்களாம்.”

“நாமதான் கார்ல போறோமே.”

“காரையும் மறிச்சா?”

“மறிக்கப்போறது உங்கப்பாதானே. வேற யாரோவா?” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நடந்தாள்.

ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிடலாமா என்று அம்மா கேட்டாள். ஊரைக் கூட்டிவிட்டுத் தான் மட்டும் கப்பலுக்குப் போவது எப்படி என்று அப்பா கேட்டார். கடைசியில் அத்தைதான் வழி சொன்னாள். மறியல் தொடங்குவதற்கு முன், விடியற்காலையிலேயே நாங்கள் மூன்று பேரும் காரில் கிளம்பிவிடுவது. அப்பா மறியலை முடித்து, கைதாகி, சாயங்காலம் விட்டதும் எப்படியாவது வந்து சேர்வது. கைதாவது அப்பாவுக்குப் பல் துலக்குவது மாதிரி பழகிப்போன விஷயம் என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நான் மட்டும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, மறியல் கொஞ்சம் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மாதா மறியலை விட்டுவிட்டுக் காரைத் தாமதமாக்கினாள். டிரைவர் வீட்டுத் தெருவிலேயே மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்களாம். சுற்றி வந்து சேர்ந்தவர், வரும்போதே முகம் வெளுத்திருந்தார்.

“கண்ணாடி உடைஞ்சா ஓனர் என்னைய உடைச்சிருவாருக்கா” என்றார்.

“ஒண்ணும் உடையாது. எடுங்க வண்டிய” என்றாள் அத்தை.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது மறியல் தொடங்கியிருந்தது. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் போகிற அந்த ரோட்டில் எங்கும் பச்சைத் துண்டுகளே தெரிந்தன. பெண்கள் காலிக் குடங்களை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு லாரி, இந்தப் பக்கம் ஒரு மினி பஸ், ஒரு கல்யாண வேன். வேனுக்குள் பட்டுப்புடவை கட்டியவர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் நின்ற நேரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாரும் எழுந்து வழிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். நடுவில் அப்பா மைக்கோடு நின்றிருந்தார். வீட்டில் அப்பா மெதுவாகத்தான் பேசுவார். ஒலிபெருக்கியில் கேட்ட குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

எங்கள் காரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். “செயலாளர் வீட்டு வண்டிப்பா. கப்பலுக்குப் போறாங்க. கொஞ்சம் வழி விடுங்க” என்று சத்தம் கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்கள்தானே, மளமளவென்று எழுந்தார்கள். ஒரு கார் நுழைகிற அளவு வழி உண்டாயிற்று. டிரைவர் கியரைப் போட்டார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது கல்யாண வேனிலிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டி, கோபமில்லாத குரலில் கேட்டார். “ஏங்க, நாங்களும் முகூர்த்தத்துக்குத்தான் போறோம். உங்க வீட்டு வண்டிக்கு மட்டும்தான் வழியா?”

எழுந்து நின்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எங்கள் காரைப் பார்த்தார். மைக் வாய்க்கு அருகிலேயே இருந்தது. அவர் மூச்சு விடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. போ என்று கை காட்டுவார் என்று நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா கையைத் தூக்கவில்லை.

அத்தை கதவைத் திறந்தாள்.

“வண்டிய ஓரமா நிறுத்துங்க” என்று டிரைவரிடம் சொன்னாள். தலையில் கடலுக்காக வாங்கிய அகலமான தொப்பி, காலில் வெள்ளை ஷூ. அப்படியே நடந்து போய்ப் பெண்கள் வரிசையில், குடங்களுக்கு நடுவே, தார் ரோட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரு நிமிஷம் கழித்து அம்மாவும் இறங்கினாள். கல்யாண வேன்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்பா ஏதோ பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அத்தை மடியில் போய் விழுந்து, கப்பல் போய்விடும் என்றேன்.

“கப்பல் நாளைக்குத்தான் போகுது. இன்னைக்கு இந்த வேலையைப் பாப்போம்” என்று தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள்.

அப்பாமீது எனக்குப் பெரிய கோபம் வந்தது. ஒரு கையை அசைத்திருந்தால் போதும். ஆம்புலன்ஸுக்கு விட்டவருக்குச் சொந்த மகளுக்கு விட மனசில்லை என்று அத்தையிடம் புகார் சொன்னேன். “உனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்றாள் அவள்.

வெயில் ஏறியதும் போலீஸ் வந்தது. கொஞ்சம் தள்ளுமுள்ளு, கொஞ்சம் கோஷம், பிறகு எல்லாரும் ஒழுங்காக எழுந்து வேனில் ஏறினார்கள். பேர் எழுதிக்கொண்டே வந்த ஒரு பெண் போலீஸ், அத்தையின் ஷூவைப் பார்த்து நின்றார்.

“நீங்க டூர் போறவங்க மாதிரி இருக்கீங்களேம்மா. உங்க கார்ல போய் உக்காருங்க.”

“என் பேருலயும் நிலம் இருக்கும்மா. எழுதிக்குங்க” என்றாள் அத்தை.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் முன்னால் நின்றிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். அத்தையை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. தாத்தா விட்டுப்போன நிலம் இரண்டு பேருக்கும் பொது என்பதும், அத்தை திரும்பி வந்த நாளிலிருந்து, இனி உன் அக்கா பங்கைக் கேட்பாள் பார் என்று உறவுக்காரர்கள் அப்பாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அத்தை அதுவரை நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானோ, அத்தையின் நிலம் எங்கே இருக்கிறது, ஏன் எனக்குக் காட்டவில்லை என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். “எல்லாம் ஒண்ணாத்தான் கிடக்கு, சும்மா வா” என்று அம்மா என்னை வேனில் ஏற்றினாள்.

நாங்கள் ஏறியதும் ரோடு திறந்துவிட்டது. கல்யாண வேன் போனது, லாரி போனது. வழி கிடைத்தும் போகாத நாங்கள் மட்டும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைபட்டோம். டிரைவர் எங்கள் பெட்டிகளோடு வெளியே புளிய மரத்து நிழலில் காரை நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கண்ணாடி முழுசாக இருந்தது.

மண்டபத்தில் எல்லாருக்கும் தக்காளி சாதம் கொடுத்தார்கள். முந்தைய கல்யாணத்தின் காகிதப் பூக்கள் மேடையில் அப்படியே இருந்தன. மணமக்களுக்கான சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியோடு நான் என் கவலையைத் தொடர்ந்தேன். அத்தை கப்பல் கம்பெனிக்குப் போன் செய்தாள். அவள் பேசப் பேச மண்டபமே அடங்கிப்போனது.

“ஆமாங்க, நாலு பேரு. நாளைக்குத்தான் ஏறணும். இல்லைங்க, ரத்து பண்ணல. இப்ப எங்களைக் கைது பண்ணி வச்சிருக்காங்க.” அந்தப் பக்கம் பதறிப்போனார்கள் போலும். “நீங்க பயப்படாதீங்கம்மா. சாயங்காலம் விட்டுருவாங்க. வந்துருவோம்.”

போனை வைத்ததும் சங்கத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பெண் போலீஸும் சேர்ந்துகொண்டார். நான் அவரிடம் போய் எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். “பொழுது சாயறதுக்குள்ள விட்டுருவோம் பாப்பா. எங்களுக்கும் வீடு இருக்குல்ல” என்றார்.

சொன்னபடியே விட்டார்கள். அப்பாவுக்குத் தயக்கம். மறுநாள் கூட்டம் இருக்கிறது, நீங்கள் போங்கள் என்றார். சங்கத்துக்காரர் ஒருவர் அவர் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துவிட்டு, “போயிட்டு வாங்கண்ணே. நீங்க வர்றதுக்குள்ள தண்ணி ஒண்ணும் வந்துடாது” என்று காருக்குள் தள்ளிவிட்டார். “ஏறு தம்பி” என்றாள் அத்தை. அப்பா ஏறினார். கும்பகோணம் தாண்டுவதற்குள் நான் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது சென்னை. துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தையும் சர்ச் கோபுரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அதற்கு எட்டாது. நேற்றைய தார் கறையோடு அத்தையின் ஷூவும், பச்சைத் துண்டோடு அப்பாவும் வரிசையில் நகர்ந்தார்கள். காவலாளி துண்டை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே விட்டார். எனக்குக் கவலைப்பட எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

கப்பல் கரையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, குளத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அத்தையைத் தேடினேன். மேல்தளத்தில், கம்பிப் பிடியோரம், அப்பாவும் அவளும் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

“ஆத்தோரத்து வயலை உன் பேருக்கு அளந்து விட்டுர்றேன்கா” என்றார் அப்பா. “நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“அளந்து வாங்கி நான் என்ன பண்ணப்போறேன், நாத்தா நடப்போறேன்? தண்ணி வந்தா நீ குறுவை நடு. வரலேன்னா அடுத்த தடவை மறியலுக்கு என்னையும் கூப்பிடு. தனியா நிக்காத.”

இவ்வளவு பாடுபட்டு நடுக்கடலுக்கு வந்து, இவர்கள் வயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. அப்பா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். கண் சிவந்து, மூக்கு நுனி சிவந்து, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அத்தை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது. கப்பல் ஆட்டம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அங்கே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பதறி, வாந்தி நிற்கும் மாத்திரையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக மேலே வந்து நின்றாள். அப்பா மாத்திரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு வாங்கி விழுங்கினார். நான் சரியான நேரத்தில் சொன்னதற்காக அம்மா என்னைத் தட்டிக்கொடுத்தாள்.