பட்லர் லாசரஸின் கட்சி

பெங்களூர் மர்பி டவுன் லாசரஸ் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் இருபது வருஷமாக அவர் அந்த நாட்டுக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் பட்லர் வேலை. கரண்டி வைக்கும் வரிசை, பதவிப்படி பரிமாறும் முறை எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென்றே ஒரு கட்சி இருப்பதாக ஒரு துரை சொன்ன அன்றே மனதளவில் சேர்ந்துவிட்டார்.

"ஓட்டே இல்லாத மனுசனுக்கு என்னாங்க கட்சி?" என்பாள் மனைவி பியாட்ரிஸ்.

"ஓட்டு இருக்கறவனுக்கு எலெக்ஷன் அன்னிக்கு மட்டும்தான்டி கட்சி. எனக்கு டெய்லி டூட்டி."

1945 ஜூலையில் ரேடியோ இங்கிலாந்துத் தேர்தல் முடிவைச் சொன்னது. கன்சர்வேட்டிவ் படுதோல்வி. தபாலில் எதிர்க்கட்சியான லேபருக்கு ஓட்டுப் போட்டிருந்த இளம் அதிகாரிகள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். வயதான மேஜர் மட்டும் மூலையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கேப்டன் ஒருவர் விஸ்கி பாட்டிலை லாசரஸிடம் நீட்டினார். "இனிமேல் பெரியவன் சின்னவன் கிடையாது. முதல் கிளாஸ் நீதான் குடிக்க வேண்டும். உத்தரவு!"

மறுத்தால் வேலை போகும். குடித்தால் கட்சி போகும்.

"உங்க கட்சி எங்க நாட்டுக்கு சுதந்திரம் குடுக்கப் போவுதாமே, சார்?"

"நிச்சயமாக!"

"தாராளமா குடுங்க சார். ஆனா மேஜர் துரைக்குத்தான் முதல்ல ஊத்தணும்."

கேப்டன் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். லாசரஸ் மூலைக்குப் போய் மேஜருக்கு ஊற்றினார். பிறகு பதவிப்படி மற்றவர்களுக்கு. கேப்டனின் முறை எட்டாவதாக வந்தது.