ஊத்தை உடுப்பும் இரண்டு மகன்மாரும்

பிழை பொறுக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வசனம் ஒழுங்காக வராது, முன்னுக்குப் பின் மறந்தும் போகும். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் லண்டனில், கடைசி பிரான்சில். நடுவில் பிறந்த மகள் சல்லிக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் துறைமுகப் பக்கத்து ஒழுங்கையொன்றில் தனியே இருக்கிறேன். ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். இடது கண் மூடிக் கிடந்தது. உதடு வெடித்து, மஞ்சள் சட்டையின் முன்பக்கமெல்லாம் இரத்தம். அடித்தது புருஷன். முதல் தடவையும் இல்லை.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். இரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் கூடாது, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். அப்படியே ஊறவைத்து, கிணற்றடிக் கல்லில் போட்டுத் தோய்த்துக் கொடியில் விரித்தேன். அதற்குப் பிறகுதான், "பொலிசுக்குப் போவமோ?" என்று கேட்டேன்.

"அண்ணாட்டையும் தம்பியிட்டையும் ஒருக்காக் கேளுங்கோ அம்மா," என்றாள்.

மத்தியானம் வட்ஸ்அப் வீடியோவில் இருவரையும் ஒன்றாக எடுத்துத் தந்தாள். பெற்ற பிள்ளைகளோடும் போனில் கதைக்க எனக்குக் கூச்சம். அவர்களுக்கு எப்போதும் என் நெற்றி மட்டும்தான் தெரியுமாம்.

"பொலிசுக்கோ? என்னம்மா கதை இது," என்றான் மூத்தவன். "இங்க ஒரு பழமொழி இருக்கு. டோன்ட் வாஷ் யுவர் டேர்ட்டி லினன் இன் பப்ளிக். ஊத்தை உடுப்பை ஊர் பாக்கத் தோய்க்கக் கூடாது எண்டு அர்த்தம்."

கடைசி துள்ளினான். "அட அண்ணா, பிரெஞ்சிலயும் அதேதான்! இல் போ லவே சோ லாஞ்ச் சால் ஆன் பமீய். ஊத்தை உடுப்பைக் குடும்பத்துக்குள்ளதான் தோய்க்கோணும்."

"உண்மையாவோ? அங்கயும் அதே உடுப்போ?"

"அதே உடுப்புத்தான். உங்கட ஆக்கள் தோய்க்காத எண்டு வெருட்டுறாங்கள். எங்கட ஆக்கள் தோய்க்கிற இடத்தையும் காட்டி விடுறாங்கள். அதுதான் பிரெஞ்சு!"

"போடா பிரெஞ்சுப் பாண் தின்னி. எங்களிட்டக் களவெடுத்துப்போட்டுக் கதைக்கிறாய்."

சிரித்தார்கள். பக்கத்துக் கதிரையில் மகள் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கண்ணில் வைத்தபடி இருந்தாள். அவளைப் பற்றித்தான் கதை என்பது இருவருக்கும் மறந்தே போய்விட்டது.

"தமிழில இதுக்கு என்னம்மா?" என்று மூத்தவன் கேட்டான், பள்ளிக்கூடப் போட்டி நடத்துகிறவன் மாதிரி.

என் நாக்கு நுனியில் வந்து நின்றது வேறொன்று. அடிக்கிற கைதான் அணைக்கும். மூன்று வருஷத்துக்கு முன், முதல் அடியோடு வந்தவளை அதைச் சொல்லித்தான் திருப்பி பஸ் ஏற்றினேன். அதற்கும் லண்டனில் ஒன்று, பிரான்சில் ஒன்று இருக்கும். அடிக்கிறவனுக்கு முட்டுக்கொடுக்க எந்தப் பாஷையிலும் வசனத்துக்குப் பஞ்சமில்லை.

பற்றிக்கொண்டு வந்தது. போனோடு வெளியே போனேன். எங்கள் கொடி ஒழுங்கைப் பக்க வேலியோடு கட்டியிருக்கிறது. பின்னால் வந்த மகள், சட்டை அவர்களுக்குத் தெரியும்படி போனில் எதையோ அமத்திவிட்டாள். முன்பக்கத்தில் கறை இன்னும் மண்ணிறமாக நின்றது.

"பாருங்கோடா," என்றேன். "இதுதான் நீங்கள் சொன்ன ஊத்தை உடுப்பு. உங்கட கூடப்பிறந்தவளின்ர இரத்தம். தோய்ச்சது நான். நீங்கள் பிறந்ததில இருந்து ஒரு பெனியன் தோய்ச்சிருப்பியளோ? ஒண்டும் தோய்க்காதவங்கள் எனக்கு எங்க தோய்க்கிற எண்டு சட்டம் சொல்ல வாறாங்கள்!"

"அம்மா, மெதுவா. ஆக்களுக்குக் கேக்கும்," என்றான் கடைசி.

"கேக்கட்டும்!"

சைக்கிளில் மீன் கொண்டுவந்தவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நிறுத்தத் தெரியாமல் போனைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு நின்றேன். மகள்தான் வாங்கி நிறுத்தினாள்.

அன்றைக்கே ஓட்டோ பிடித்து பொலிசுக்குப் போனோம். சட்டையையும் பையில் கொண்டுபோனேன். முறைப்பாடு எழுதிய பெண் நல்ல பிள்ளை, தமிழ் கதைத்தாள். சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மா தோய்ச்சனீங்கள்? இதுவெல்லோ சாட்சி," என்றாள்.

மகன்மார் சொல்ல முன்னமே, ஒரு பழமொழியும் தெரியாமல், அவர்கள் சொன்னதை நான் செய்து முடித்திருக்கிறேன். அவர்களைத் திட்ட நான் இருந்தேன், என்னைத் திட்டத்தான் ஆரும் இல்லை.

மகள் எனக்கு முன்னால் போய் முகத்தை நிமிர்த்தினாள். "இதைத் தோய்க்க ஏலாதுதானே மிஸ். எழுதுங்கோ," என்றாள்.

எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். வழக்கு நடக்கிறது, மகள் என்னோடு இருக்கிறாள். மகன்மார் போன் எடுப்பதில்லை.

அதனால் அவர்களிடம் கேட்க ஏலாது. இங்கிலீசு வசனமும் பிரெஞ்சு வசனமும் காதில் விழுந்தபடி எழுதியவை. அந்தப் பாஷைகள் தெரிந்த யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அவர்கள் சிரித்த இடத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.