பேர்லேண்டில் ஒரு ஸ்நோ ஆப்பிள் மரம்

என்னைப் பெற்றது அம்மாதான். ஆனால் அவள் வயிற்றில் என்னைத் தங்க வைத்தது ஓர் ஆப்பிள் மரம் என்பது எங்கள் வீட்டு வரலாறு. நியூ ஜெர்சியில் அப்பாவும் அம்மாவும் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால் அந்த மரம் நின்றதாம். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு வாந்தியான வாந்தி. ரசம் சோறு, இட்லி, வெறும் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் வீட்டுச் சொந்தக்காரர் ஒருநாள் கூடை நிறையப் பழம் பறித்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். கையடக்கமான கருஞ்சிவப்புப் பழங்கள், வெட்டினால் உள்ளே வெள்ளைவெளேர் என்று இருக்குமாம். ஸ்நோ ஆப்பிள் என்று பெயர். கனடாப் பக்கத்திலிருந்து வந்த ரொம்பப் பழைய ரகம், தொட்டாலே கன்றிப்போகும் என்பதால் கடைகளுக்கு வராது. அது ஒன்றுதான் அம்மாவின் வயிற்றில் நின்றது.

"அந்தப் பழத்தைத் தின்னுதான் நீ பொறந்தே" என்று எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்வாள். நான் அதை அப்படியே நம்பினேன். மற்ற பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள், நான் ஆப்பிளிலிருந்து வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்கு ஒரு வயது ஆவதற்குள் அப்பாவுக்கு வேலை டெக்சஸுக்கு மாறி, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு வாங்கினார்கள். சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே அம்மா தபாலில் ஒரு ஸ்நோ ஆப்பிள் கன்று வரவழைத்து பேக்யார்டில் நட்டுவிட்டாள். கடுங்குளிர் பிரதேசங்களுக்கு ஏற்றது என்று கன்றின் கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். பனியிலேயே பிழைக்கிற மரம் இந்த இதமான வெயிலில் ஜம்மென்று வளராதா? அப்பா சந்தேகப்பட்டபோது அடக்கிவிட்டாள். "நாமளே அந்தக் குளிர் வேண்டாம்னுதானுங்க ஓடி வந்தோம். மரத்துக்கு மட்டும் குளிர்ல நிக்கணும்னு என்ன வேண்டுதலா?" ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்த ஒருத்திக்கு இதைவிட நியாயமான யோசனை எப்படி வரும்!

மரம் என்னவோ வளர்ந்தது. பூக்கத்தான் இல்லை. மார்ச்சில் தெருவெல்லாம் துளிர்த்து முடித்த பிறகு, போனால் போகிறது என்று இது அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை விடும். அப்பா ஒவ்வொரு வருஷமும் அதைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்குவார். எனக்கு எட்டு வயதானபோது கெடு வைத்துவிட்டார். வருகிற வசந்தத்திலும் பூக்காவிட்டால் இதைப் பிடுங்கிவிட்டு எலுமிச்சை வைக்கப்போகிறாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் சொல்கிறேன். எனக்கு ஒரு தம்பி வேண்டும். தங்கை என்றாலும் சரிதான். அம்மா அந்தப் பழத்தைத் தின்றால்தான் பாப்பா வரும், மரம் பூத்தால்தான் பழம் வரும். இதுகூடத் தெரியாமல் ஒரு அப்பா எலுமிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாரே! "நோ! யூ கான்ட்!" என்று வீடே அதிரக் கத்தினேன். அந்த வயதில் எனக்குத் தமிழ் காதுக்குள் போகும், வாய் வழியாக வராது.

என் கட்சிக்கு வந்து சேர்ந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. ஹூஸ்டனில் வேலை கிடைத்து எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். எதையாவது இன்டர்நெட்டில் அரைமணி நேரம் படித்துவிட்டால் போதும், அதில் கரைகண்டவர் மாதிரி பேசுவார். அன்று ஆப்பிளில் கரைகண்டார். இந்த ரகம் குளிர்காலம் முழுக்க நன்றாகத் தூங்க வேண்டுமாம். குளிர் போதாவிட்டால் மொட்டுகளுக்குக் குளிர்காலம் வந்து போனதே தெரியாதாம். "அக்கா, நீ மரத்தை எட்டு வருஷமாத் தூங்கவே விடலக்கா. அப்புறம் அது எப்படி முழிக்கும்?" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. உடனே அவரே, "கவலைப்படாதே, குளிரை நான் அரேஞ்ச் பண்றேன்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஜனவரியில் பார்க்கில் ஊர்த் தமிழர்கள் எல்லோரும் சேர்ந்து பொங்கல் கொண்டாடினோம். கூல்டிரிங்க்ஸ் வைத்திருந்த பெட்டிகளில் மிஞ்சிய ஐஸையெல்லாம் மாமா காரில் ஏற்றிக்கொண்டு வந்து, மரத்தடியில் கொட்டி அபிஷேகமே நடத்தினார். நான் பக்கத்தில் நின்று மணி அடிக்காத குறை. மறுநாள் சேறுதான் மிச்சம். மாமா திரும்பவும் படித்துப் பார்த்தார். குளிர் வேருக்கு இல்லை, கிளையில் இருக்கிற மொட்டுக்காம்.

மொட்டுக்கு எப்படி ஐஸ் வைப்பது? அதற்கும் எங்கள் வீட்டிலேயே வழி இருந்தது. அம்மாவுக்கு அடிக்கடி கூரியரில் ஒரு தெர்மோகோல் பெட்டி வரும். உள்ளே மருந்து, அதைச் சுற்றி உறைந்துபோன நீலநிற ஐஸ் பைகள். விட்டமின் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். பெட்டி வந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் பெட்ரூம் கதவைச் சாத்திக்கொள்வார்கள். காலிப் பெட்டி எனக்கு வீடு கட்டி விளையாட, பைகள் ஃப்ரீசருக்கு. ஃப்ரீசரில் கறிவேப்பிலைக்குக்கூட இடம் இல்லாத அளவுக்குச் சேர்ந்திருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை மாமாவும் நானும் வேலையில் இறங்கினோம். அம்மாவின் நைந்த காட்டன் புடவை ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்தோம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பையைக் கிடத்தி, இரண்டு முனையையும் சேர்த்துக் கிளையில் முடிந்தோம். மரம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாகத் தொங்கிக் காற்றில் ஆடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா, கம் அண்ட் ஸீ!" என்று கூப்பிட்டேன்.

அம்மா காபி டம்ளரோடு வந்தாள். மரத்தைப் பார்த்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். மாமா அப்போதுதான் மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயையோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவசர அவசரமாக முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். புடவையைக் கிழித்ததற்குத்தான் அம்மாவுக்குக் கோபம் என்று நான் முடிவுகட்டி, எனக்கும் திட்டு விழுமே என்று மிச்சத் துண்டுகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "விடுடா. அவுக்காதே. இருக்கட்டும்" என்றாள். மாமா அவிழ்த்துப் போட்டிருந்த ஒன்றை எடுத்து, தானே மரத்தில் மறுபடி கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சத்தம் கேட்டு வந்த அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றார்.

அதற்குப் பிறகு தினமும் ஸ்கூல் பஸ் வருமுன் பைகளை மாற்றுவது என் வேலை. அந்தக் குளிர்காலம் பேர்லேண்டுக்கே புதிதாக இருந்தது. நவம்பரிலேயே ஆரம்பித்த குளிர் போவதாகவே இல்லை, பிப்ரவரியில் பனிகூட விழுந்தது. ஏப்ரலில் மரத்தின் ஒரு கிளை, ஒரே ஒரு கிளை, பூத்தது. வானம் செய்த வேலைக்கு மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டார். பூ உதிர்ந்து, பிஞ்சுகளும் உதிர்ந்து, கடைசியில் ஒரு காய் நின்றது. எலுமிச்சை வைக்கப் புறப்பட்ட அப்பாதான் அதற்குக் கொசுவலைத் துணியால் உறை போட்டு, ஆபீஸ் போன் காலுக்கு நடுவிலும் ஜன்னலைத் தட்டி அணில் விரட்டினார்.

ஆகஸ்டில் ஸ்கூல் திறந்த வாரம் பழுத்தது. அம்மா பறித்துச் சாமி முன்னால் வைத்து எடுத்து வந்து, டைனிங் டேபிளில் வைத்து வெட்டினாள். உள்ளே வெள்ளை, சொன்னபடியே. சமையலறை முழுக்க ரோஜா கலந்த மாதிரி ஒரு வாசனை. சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

நான் அலறிவிட்டேன். "நோ! யூ ஹாவ் டு ஈட் இட் ஆல்! அதர்வைஸ் த பேபி வோன்ட் கம்!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா மட்டும் சிரித்தாள். எட்டு வயதுக் கழுதையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, மறு பாதியையும் என் கையில் கொடுத்து, "இது உனக்குத்தான் கண்ணு. சாப்பிடு" என்றாள்.

அதன் பிறகு தெர்மோகோல் பெட்டிகள் வரவில்லை. மரம்தான் காய்த்துவிட்டதே, இனி எதற்குக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அது மறுபடி காய்க்கவே இல்லை, ஆனாலும் அப்பா எலுமிச்சைப் பேச்சை எடுக்கவில்லை.

போன வருஷம் அம்மாவோடு கோபிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தேன். கோயில் மரம் முழுக்கக் கந்தல் துணியில் குட்டிக் குட்டித் தொட்டில்கள். குழந்தை வேண்டிக் கட்டுவார்கள் என்று அம்மா சொன்னாள். எங்கள் பேக்யார்டு மரம் மஞ்சளும் பச்சையுமாக என் கண்முன் ஆடியது. திரும்பி வரும்போது காரில் மீதியையும் அவளே சொன்னாள். அந்தப் பெட்டிகளில் வந்தது விட்டமின் இல்லை, இன்னொரு குழந்தைக்காக அவள் வருஷக்கணக்கில் போட்டுக்கொண்ட ஊசிகள். இனிமேல் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்த அன்றுதான் பழத்தைப் பறித்திருக்கிறாள்.

அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்த வீடு வேறு யாருக்கோ காத்திருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. மூன்று பேரும் என்னை அப்படி வைத்திருந்தார்கள். இதற்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கோ எதுவுமே தெரியாது. அம்மாவின் மடியில் உட்கார்ந்து, தம்பி வராமல் போய்விடுவானே என்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டே, அவன் பங்கையும் நானே தின்று முடித்தேன்.