சவரியம்மாளின் ஒருசந்தி

எதிர்வீட்டுச் சவரியம்மாளுக்குக் கவலை வந்தால் முதலில் சோற்றின் மீதுதான் கோபம் வரும். புவனகிரிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வயிறு நிறையப் போடுவாள். வீட்டில் ஒரு கஷ்டம் என்றால், ஒருசந்தி என்று தான் மட்டும் ஒருவேளைதான் சாப்பிடுவாள். மாமியாருக்குக் காய்ச்சலா, ஒருசந்தி. புருஷன் ராஜவேலின் லாரி வரத் தாமதமா, அதற்கும் ஒருசந்தி. நேர்ச்சைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். நானும் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள்தான். ஆனால் மகள் சுவேதா கணக்குப் பரீட்சையன்று இட்லியைத் தொடாமல் போக ஆரம்பித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"பயத்துல எறங்க மாட்டேங்குதாம் அக்கா" என்றாள் சவரியம்மாள், தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. முதல் நாள்தான் ராஜவேல் கடலூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தார். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, போனுக்கு டவர் இல்லை. அவர் வாசப்படி மிதிக்கிற வரைக்கும் தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் நேர்ந்துகொண்டாள். அப்போதிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மகளுக்குப் போட்டு வைத்த சோறு அப்படியே இருந்ததும் அவள் கண்ணில் படவில்லை.

மறுநாள் மத்தியானம் சுவேதா கொல்லையில் குடத்தோடு விழுந்தாள். கைகால் சில்லிட்டிருந்தது. தெருமுனை நர்ஸம்மாவைக் கூட்டிவந்தேன்.

"வெறும் வயிறு. எதனா உள்ள போயே ஆவணும். மரத்த வெட்டாம சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக்கூடத் தூக்கிட்டுப் போவ முடியாது" என்றார் அவர்.

சவரியம்மாள் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊட்டப் போனாள். பெண் பல்லைக் கடித்துக்கொண்டது.

"நீ சாப்ட்டா அப்பா வர மாட்டாருன்னுதான நீ சாப்புடல. நான் மட்டும் சாப்ட்டா வந்துடுவாரா?"

சவரியம்மாள் மாதாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு அந்த ஸ்பூனைத் தன் வாயில் வைத்தாள். கண்ணீர் கொட்டியது. விழுங்கினாள்.

"பாரு, அம்மா சாப்ட்டுட்டேன். இப்ப நீ."

சுவேதா வாயைத் திறந்தாள்.

இரண்டாவது வாய் ஊட்டும்போது சவரியம்மாள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அக்கா, அவரு வந்துடுவாருல்ல?"

எனக்கென்ன தெரியும். "அடுத்த வாயைக் குடு" என்றேன்.